விடுகதை கேட்டால் விடை வருகிறது, யோசனை வரவில்லை

காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறிலிருந்து எட்டு வயசுப் பிள்ளைகள் ஒன்பது பேர், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். யோசிக்கப் பழகட்டும் என்று விடுகதை போட ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. வெள்ளை மாளிகைக்குக் கதவில்லை என்று ஆரம்பிப்பதற்குள் "முட்டை!" என்று கத்துகிறார்கள், ஏன் முட்டை என்று கேட்டால் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

போன வாரம் "அள்ளலாம், கிள்ள முடியாது, அது என்ன?" என்றேன். ஒரு பெண் "மீன் மேல கொட்டுற ஐஸு" என்றாள். துறைமுகத்தில் தினம் பார்க்கிற பிள்ளை, யோசித்துப் பார்த்தால் சரியாகத்தானே பொருந்துகிறது! மற்றவர்கள் "தண்ணிதான் விடை" என்று சிரித்துவிட்டார்கள், அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

விடையைச் சொல்லாமல் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன், வீட்டில் ஆயாவிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தேன், பெரியவன் சொன்னதற்குச் சின்னவன் தலையாட்டுகிறான். சொந்தமாக விடுகதை கட்டச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் சூடு பிடித்தது, அதுவும் மூன்று பேரோடு நின்றுவிட்டது.

இந்த வயசுப் பிள்ளைகளை, ஒரே விடைக்குக் காத்திருக்காமல், வந்த விடை ஒவ்வொன்றும் குறிப்போடு பொருந்துகிறதா என்று அவர்களே சோதித்துப் பார்க்க வைப்பது எப்படி?