"அவ்வப்போது" என்ற சொல்லால் ஒரு மாதம் இழுத்தது: பரஸ்பர விவாகரத்து ஒப்பந்தம் எழுதிய அனுபவம்

கடலூர்க்காரன்:

தங்கைக்குத் திருவந்திபுரத்தில்தான் கல்யாணம். ஒன்பது வருஷம் கழித்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அறையில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அப்பா பழக்கதோஷத்தில் "மாப்பிள்ளை, டீ எடுத்துக்குங்க" என்றார். அறையில் ஒரு சத்தம் இல்லை. அவரும் எடுத்துக் குடித்தார்.

அதற்கு முன்பே பெரியவர்கள் கூடிப் பேசி, முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கியிருந்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். வக்கீல் படித்துவிட்டுச் சிரித்தார். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, கோர்ட் தீர்ப்பு வந்தால்தான் விவாகரத்து. குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் தாள் அந்த மனுவோடு வைக்கும் ஒப்பந்தத்துக்கு ஒரு வரைவு, அவ்வளவுதான்.

பணம் ஒரே சாயங்காலத்தில் பேசி முடிந்தது. இழுத்ததெல்லாம் மற்றவைதான். "சீர் நகைகள் திருப்பித் தரப்படும்" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தோம். ஆரமோ மாப்பிள்ளை பெயரில் அடகில் கிடந்தது. மீட்பது யார், வட்டி யார் தலையில்? வக்கீல் ஒவ்வொன்றாக எழுத வைத்தார்: ஆரம் ஒன்று, நெளி மோதிரம் ஒன்று, வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. நடுவில் அம்மா கிரைண்டரை ஞாபகப்படுத்தினார். சரி, அதுவும் ஏறியது.

"தகப்பனார் மகனை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரி வந்ததும் வக்கீல் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லைச் சுழித்தார். "அவ்வப்போதுன்னா எப்போ? கோபம் வந்த வாரம் இல்லைன்னு சொல்லலாமா?" ஒரு மாதம் இதிலேயே போனது. கடைசியில் இப்படி எழுதினோம்: மாதத்தின் 2ஆம், 4ஆம் ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை, சில்வர் பீச் நுழைவாயிலில் ஒப்படைத்து, அங்கேயே திரும்பப் பெறுவது, பொங்கல் ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே.

மகனுக்காக எந்தக் காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டார். அது பிள்ளையின் உரிமை, அம்மா எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது என்று அவர்கள் வக்கீலே எடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

கூட்டாக வாங்கிய மனையைத் தங்கைக்கு என்று முடிவு. அதைத் தீர்ப்புக்கு முன்பே தான செட்டில்மென்ட்டாகத் தனியே பதிந்தோம். கணவன் மனைவிக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை குறைவு; தீர்ப்பு வந்தபின் அந்த உறவு இல்லையே.

தொகையில் பாதி மனுப் போடும்போது, மீதி கடைசி வாக்குமூலத்தன்று நீதிபதி முன் டிடியாக. தீர்ப்பு வரும்வரை யாராவது ஒருவர் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லியிருக்கிறது. மனுப் போட்டபின் சட்டம் சொல்லும் ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்புப்படி அதற்கு ஒன்றரை வருஷமாவது பிரிந்திருக்க வேண்டும், எங்களுக்கு அவ்வளவு ஆகவில்லை. காத்திருந்தோம். அதுவும் நல்லதுக்குத்தான், அந்த ஆறு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டோம். முதல் ஞாயிறே பையன் ஒரு கால் செருப்பைக் கடலில் விட்டுவிட்டு வந்தான்.

முத்தியால்பேட்டை அக்கா:

எங்கள் வீட்டுக் கதை வேறு. சித்தி மகளும் அவள் வீட்டுக்காரரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள், சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பம், குடித்தனம் பிரான்சில். அங்கே 2017 ஜனவரி 1 முதல், இருவரும் ஒத்துக்கொண்ட விவாகரத்து பெரும்பாலும் நீதிபதியிடம் போவதே இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தனித்தனி வக்கீல் கட்டாயம். வரைவு பதிவுத் தபாலில் வரும். கைக்கு வந்து 15 நாள் ஆகாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அப்புறம் நொத்தேரிடம் (அந்த ஊர் நோட்டரி) போகும். விவரம் தெரிந்த பிள்ளை நீதிபதியிடம் பேச வேண்டும் என்று கேட்டுவிட்டால் மட்டும் கோர்ட்தான்.

பத்தாம் நாள் ராத்திரி எனக்கு போன். "அக்கா, அம்மா கொடுத்த வீணை லிஸ்ட்லயே இல்ல." இந்த 15 நாள் எதற்கு என்று அதுவரை முணுமுணுத்தது நான்தான்.

நெய்வேலி வாசகர்:

எனக்குத் தீர்ப்பு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் எல்ஐசி பாலிசியில் நாமினி இன்னும் முன்னாள் மனைவிதான் என்று தெரிந்தது. ஒப்பந்தத்தில் சமையல் கேஸ் இணைப்பு வரை எழுதியவன் அதை விட்டுவிட்டேன்.

அது இருக்கட்டும் தம்பி, அந்த ஆரத்தை யார் மீட்டது?

கடலூர்க்காரன்:

மாப்பிள்ளைதான் அண்ணே. அடகு ரசீதோடு கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். அன்றைக்கும் டீ குடித்துவிட்டுத்தான் போனார்.