சூரா மனப்பாடம், ரப்பர் மட்டும் பையில்

கோரிப்பாளையம் பேரீச்சம்பழக் கடைக்காரர்:
அஸ்ஸலாமு அலைக்கும். மகன் மூன்றாம் வகுப்பு. மஃரிப் (அந்தித் தொழுகை) தொழுததும் மதரஸா. குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்வில் பாதி மனப்பாடம், ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்குச் செல்லப்பிள்ளை. போன வாரம் அவன் பையில் ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு ஒரு ரப்பர். பின்பக்கம் இன்னொரு பையன் பேர். "கீழே கிடந்துச்சு அத்தா" என்றான். மறுநாள் கேட்டால், "அவனேதான் கொடுத்தான்." இரண்டு அடி வைத்தேன். இப்போது என்னைக் கண்டாலே பையை மூடுகிறான். இவ்வளவு ஓதியும் குணத்தில் ஏன் ஒட்டவில்லை?

மேலூர் ஆலிமா:
வ அலைக்குமுஸ்ஸலாம். ராகத்தோடு ஓதுகிறான், சரி, அர்த்தம் தெரியுமா? குர்ஆனின் 83வது சூரா (அத்தியாயம்) முதஃப்பிஃபீன் தொடங்குவதே எடையில் ஏமாற்றுகிறவர்களைக் கண்டித்துத்தான். நான் வகுப்புக்கு ஒரு தராசும் கால் கிலோ புளியும் கொண்டுபோவேன். ஒரு பிள்ளை கடைக்காரர், மற்றவர்கள் வாங்குகிறவர்கள். ஒருத்தி நைசாகத் தட்டில் விரலை வைத்து அழுத்தினாள். எல்லாரும் "ஏய்!" என்று கத்தினார்கள். அன்றைக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாசகர்:
உண்மை சொன்னால் ஸ்டிக்கர் என்று வையுங்கள். என் மகளிடம் நன்றாக வேலை செய்தது.

மேலூர் ஆலிமா:
ஸ்டிக்கர் தீர்ந்த அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

நெல்பேட்டை நன்னி:
அடிக்காதீங்க தம்பி. நபித்தோழர் அனஸ் (ரலி) சின்ன வயசுலேருந்து பத்து வருஷம் நபி (ஸல்) கூட இருந்து பணிவிடை செய்தார், ஒரு தடவைகூட "ச்சீ" கேட்டதில்லை. இன்னொன்று. ஒரு தாய் "வா, ஒண்ணு தர்றேன்" என்று பிள்ளையைக் கூப்பிட்டாராம். என்ன தரப்போகிறாய் என்று நபி (ஸல்) கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். கொடுக்காமல் இருந்திருந்தால் உன்மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். நம்ம வீட்டில் "அழாதே, ஜிகர்தண்டா வாங்கித் தர்றேன்" என்பது எத்தனை தடவை!

கோரிப்பாளையம் பேரீச்சம்பழக் கடைக்காரர்:
ரப்பரை அந்தப் பையன் வீட்டுக்கே கூட்டிப்போய்க் கொடுக்க வைத்தேன். அவன் அம்மா இரண்டு பேருக்கும் முறுக்கு கொடுத்தார், முடிந்தது. சூராவின் அர்த்தத்தையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. நேற்று கடையில் அரைக் கிலோ நிறுக்கிறேன். "அத்தா, டப்பா வெயிட்டும் சேருதே?" கஸ்டமர் சிரித்துவிட்டார். டப்பாவை மட்டும் வைத்துப் பார்த்தேன், 40 கிராம். கழித்துவிட்டு மீண்டும் நிறுத்துக் கொடுத்தேன். அவர் போனதும் மெதுவாகக் கேட்கிறான்: "முந்தி வாங்கிட்டுப் போனவங்களுக்கு?"