பழைய அமெரிக்க ஹைஸ்கூல்ல பேண்ட், ஓவியம், மொழி கிளாஸ்: படிச்சவங்க சொல்லக் கேட்டது

1940, 50கள்ல அமெரிக்காவுல ஹைஸ்கூல் படிச்ச பெரியவங்க யார்கூடவாவது அங்க இருந்த பேண்ட், ஓவியம், மொழி கிளாஸ் பத்திப் பேசிருக்கீங்களான்னு இந்த குரூப்ல ஒருத்தர் கேட்டிருந்தீங்க. எனக்கு ஒருத்தங்களத் தெரியும். சிகாகோ சவுத் சைடுல எங்க ஏரியா லைப்ரரில சனிக்கிழமை பெரியவங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கப் போவேன், அங்க பழக்கமான அம்மா, எண்பது தாண்டியாச்சு, 50கள் கடைசில டூசாபிள் ஹைஸ்கூல்ல படிச்சவங்க, பேண்ட்ல கிளாரினெட் வாசிச்சவங்க. மெயில் திறக்கறது எப்படின்னு ஆரம்பிச்சு எப்படியோ பேச்சு அங்க போயிடும், நானும் கம்ப்யூட்டர மூடி வச்சிட்டு கேட்டுட்டே இருப்பேன்.

டூசாபிள் 1935ல திறந்த கவர்ன்மெண்ட் ஸ்கூல், ஃபீஸ் கிடையாது. கறுப்பர்கள் எந்தத் தெருவுல வீடு வாங்கலாம் எதுல கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதி வச்சிருந்த காலம், 1948ல சுப்ரீம் கோர்ட் அந்த ஷரத்த எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாதுன்னு சொன்ன பிறகும் நிலைமை பெருசா மாறல, அதனால டாக்டர் வீட்டுப் பிள்ளையும் கசாப்புத் தொழிற்சாலைல வேலை பாக்கறவர் பிள்ளையும் ஒரே பெஞ்சுல. ஸ்கூல் நிரம்பி வழியுமாம். அந்த ஸ்கூல் பேண்ட் ரூம்லேருந்து வந்து, பின்னாடி ஜாஸ் உலகத்துல பெரிய பேர் எடுத்தவங்க யாருன்னு பாருங்க: நாட் கிங் கோல், டைனா வாஷிங்டன், ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், எட்டி ஹாரிஸ். எல்லாருக்கும் ஒரே வாத்தியார், வால்டர் டையெட். நேஷனல் கார்டுங்கற மாநிலப் படையோட ஒரு ரெஜிமெண்ட்ல பேண்ட் மாஸ்டரா இருந்ததால எல்லாரும் கேப்டன்னுதான் கூப்பிடுவாங்க. 1935லேருந்து 60கள் ஆரம்பம் வரைக்கும் அதே ஸ்கூல், அதே வேலை.

அந்த அம்மா சொல்றத கேட்டா பயமும் பாசமும் சேர்ந்தே வரும். அத்தனை பேர் ஒண்ணா வாசிக்கும்போது பின்வரிசைல எவனோ ஒருத்தன் ஒரு ஸ்வரம் தப்பினா கையத் தூக்கி நிறுத்திடுவாராம், யாருன்னு பேர் சொல்லி. ப்ராக்டீஸ் பண்ணாம வந்தா வெளிய போன்னு சொல்லிடுவார், ஆனா மறுநாள் சரியா வாசிச்சுக் காட்டினா ஒரு வார்த்தை பேசாம சீட்டக் குடுத்துடுவார். சாக்ஸபோன்தான் வேணும்னு வர்ற பசங்க கையில முதல்ல கிளாரினெட்டக் குடுப்பார், அது பிடிபட்டா மத்தது தானா வரும்கறது அவர் கணக்கு. ஜானி கிரிஃபினுக்கும் இதான் நடந்தது, அவர் 1945ல ஸ்கூல் முடிச்ச கையோட 17 வயசுல லயனல் ஹாம்ப்டனோட ஜாஸ் குழுவுல சேர்ந்துட்டார். ஜாஸ் மட்டும்தான்னு நினைக்காதீங்க, மார்ச்சிங் பேண்ட், கான்செர்ட் பேண்ட் எல்லாம் உண்டு, நொடேஷன், அதாவது எழுதி வச்ச ஸ்வரக் குறிப்பு, படிக்கத் தெரியாம யாரும் தப்பிக்க முடியாது.

வருஷா வருஷம் ஹை ஜிங்க்ஸ்னு ஒரு ஷோ. பாட்டு, டான்ஸ், நாடகம் எல்லாம் பசங்களே, ஊர் சனம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும், அந்தக் காசுலதான் பேண்டுக்கு வேண்டியத வாங்குவாங்க. எனக்கு மனசு ரொம்ப கனத்தது இந்த இடத்துலதான். உலகமே கேக்கற இசைக்காரங்கள உருவாக்கின கிளாஸ், செலவுக்கு டிக்கெட் வித்துட்டிருந்திருக்கு.

ஓவிய கிளாஸ் மார்கரெட் பரோஸ், 1946லேருந்து 20 வருஷத்துக்கு மேல அங்க டீச்சர். லினோலியத் துண்டுல செதுக்கி, மை உருட்டி, பேப்பர்ல ஒத்தி எடுக்கறதுல அவங்க பெரிய கை. அதுவரைக்கும் மனுஷ முகம் வரைன்னா கதைப் புத்தகத்துல வர்ற வெள்ளைக்கார முகத்ததான் வரைவேன், இவங்க கிளாஸ்லதான் எங்க அம்மா முகத்த வரைஞ்சேன்னு அந்த அம்மா சொன்னாங்க. பாடப் புத்தகத்துல இல்லாத கறுப்பர் வரலாறும் ஓவியத்தோடயே வரும். 1961ல பரோஸும் அவங்க கணவரும் சொந்த வீட்டுலயே ஒரு மியூசியம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வாஷிங்டன் பார்க்ல இருக்கற டூசாபிள் மியூசியம் அதுதான். சிகாகோ வந்தா அவசியம் பாருங்க.

மொழின்னா அவங்களுக்கு லத்தீன். வேற்றுமை உருபு எல்லாம் இப்பவும் கடகடன்னு ஒப்பிப்பாங்க, அவ்வளவுதான்.

*

அக்கா, மொழி கிளாஸ் பத்தி நான் சொல்றேன். நாங்க ஒஹாயோல இருக்கோம், பக்கத்து வீட்டுத் தாத்தா ரிட்டையர்ட் ஸ்பானிஷ் வாத்தியார், வேலைல சேர்ந்தது 1960வாக்குல. ரஷ்யா 1957 அக்டோபர்ல ஸ்புட்னிக் செயற்கைக்கோள விட்டதும் இங்க எல்லாரும் ஆடிப்போய் 1958 செப்டம்பர்ல ஒரு கல்விச் சட்டம் போட்டாங்க, சயின்ஸ், கணக்கு, வெளிநாட்டு மொழி இந்த மூணுக்கும் சாமான் வாங்க மத்திய அரசு பாதி பணம் தந்தது. உங்க கேப்டன் பேண்டுக்கு ஏன் அது கிடைக்கலன்னு இப்ப புரியுதா, இசையும் ஓவியமும் அந்த லிஸ்ட்லயே இல்ல.

தாத்தா ஸ்கூல்ல லேங்குவேஜ் லேப் வந்தது அந்தக் காசுலதான். வரிசையா தடுப்பு வச்ச மேஜை, ஆளுக்கொரு ஹெட்போன், முன்னாடி வாத்தியாருக்கு சுவிட்ச் போர்டு, எந்தப் பையன் என்ன உச்சரிக்கறான்னு அங்கேருந்தே ஒட்டுக் கேக்கலாம். டேப்ல ஒரு வாக்கியம் வரும், திருப்பிச் சொல்லணும், ஒரு வார்த்தைய மாத்தி மறுபடி சொல்லணும். ஆரம்பத்துல பல வாரம் புத்தகத்தையே கண்ணுல காட்டக் கூடாதாம், காது பழகணும்னு. பசங்க அழகா உச்சரிச்சாங்க ஆனா டேப்ல இல்லாத கேள்வி கேட்டா முழிச்சாங்க, அதனால நான் பாதி நேரம் டேப்ப நிறுத்திட்டு சும்மா பேச விட்டேன்னு தாத்தா சொன்னார். அவர் செஞ்சதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, இதே சட்டத்தோட பணம் யூனிவர்சிட்டிகள்ல தெற்காசிய மொழிகளுக்கும் போச்சு. சிகாகோ யூனிவர்சிட்டில கவிஞர் ஏ.கே. ராமானுஜன் தமிழ் சொல்லிக்குடுத்த காலம் அது. டூசாபிள்லேருந்து கார்ல கொஞ்ச தூரம்தானே?

*

டெட்ராய்ட்காரன் ஒரு வரி சேர்த்துக்கறேன். ஒரு கச்சேரில பக்கத்து சீட்டுக்காரர் காஸ் டெக் ஹைஸ்கூல்ல படிச்சவர். அந்த ஸ்கூல்ல இசையையே மெயின் பாடமா எடுக்கலாம், நிறைய தந்தி கட்டின பெரிய ஹார்ப் கூட இருந்தது, ஜாஸ்ல ஹார்ப் வாசிச்ச டோரதி ஆஷ்பி அங்க படிச்சவங்கதான். பேஸ்ங்கற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கற ரான் கார்ட்டரும் அங்கதான், முதல்ல அதவிடச் சின்ன செல்லோ, கறுப்புப் பையனுக்கு செல்லோல வாய்ப்பே வராதுன்னு புரிஞ்சு 1954ல பேஸுக்கு மாறினவர். அதச் சொல்லும்போது அந்தப் பெரியவர் குரல்ல இன்னும் கோவம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

*

தம்பி, ஆமா, டூசாபிள்லேருந்து யூனிவர்சிட்டிக்கு பத்து நிமிஷ டிரைவ்தான். அந்த அம்மாகிட்ட ராமானுஜன் பத்தி நான் பேசினதில்ல, சொல்றேன்.

விட்டுப்போன ஒண்ணு. கேப்டன் டையெட் பேர்லயே சவுத் சைடுல ஒரு ஹைஸ்கூல் இருக்கு. 2015ல அத மூடினப்ப பெத்தவங்களும் ஏரியா ஆளுங்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தாங்க, இந்த அம்மாவும் தினம் போய் அவங்க பக்கத்துல உக்காந்துட்டு வருவாங்களாம். 2016ல திரும்பத் திறந்தாங்க, இப்ப அது கலைகளுக்கான ஹைஸ்கூல்.