கேப்டன்களைப் பணியில் நிறுத்தி வைக்கக் கொடுத்த போனஸ் ஏன் வேலை செய்யவில்லை?

வடகரை கேட்டது:
அமெரிக்க ராணுவம் 2007-ல் கேப்டன்களுக்கு (லெப்டினன்ட்டுக்கு மேல், மேஜருக்குக் கீழ் உள்ள அதிகாரிகள்) பிரிவைப் பொறுத்து 25,000 முதல் 35,000 டாலர் வரை போனஸ் அறிவித்தது. வாங்கினால் மூன்று வருடம் கூடுதலாகப் பணியில் இருக்க வேண்டும். பணம் வேண்டாம் என்பவர் மேற்படிப்பு, விரும்பிய பிரிவு, விரும்பிய முகாம், மொழிப் பயிற்சி, ரேஞ்சர் பள்ளி (கடுமையான போர்ப் பயிற்சி) இதில் ஒன்றைக் கேட்கலாம். அப்படியும் எதிர்பார்த்த பலன் இல்லை என்கிறார்கள். தொகை போதவில்லையா, திட்டமே தப்பா? இங்கே குறுகிய காலப் பணிக்கு மட்டும் சேரும் நம் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு இப்படி ஒன்று வைத்தால் நிற்பார்களா? படிப்புக்காகக் கட்டுரை எழுதுகிறேன், கணக்கோடு சொன்னால் நல்லது.

பொதிகை:
முதலில் கணக்கு. 35,000-ஐ மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 972 டாலர்தான். போனஸுக்கு மத்திய வரிப் பிடித்தம் அப்போது நேராக 25 சதவீதம், அதைக் கழித்தாலே கைக்கு வருவது 26,250. போர்க்களத்தில் கையெழுத்துப் போட்டால் சிப்பாய்க்கு முழு போனஸுக்கும் வரி கிடையாது. அதிகாரிக்கு மாத உச்சவரம்பு உண்டு, அதைச் சம்பளமே பெரும்பாலும் தின்றுவிடும். அதனால் அந்தச் சலுகையும் அவருக்கு அவ்வளவாக உதவாது. நடுவில் விருப்பப்பட்டு விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆனால் தோற்றதற்குத் தொகை முக்கியக் காரணம் இல்லை. தகுதியுள்ள எல்லோருக்கும் நீட்டினார்கள். முந்திக்கொண்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் எப்படியும் இருக்கப் போகிறவர்கள். கிளம்ப முடிவு செய்தவருக்கு, ஈராக் போருக்கு அனுப்பும் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்த நேரத்தில், 972 டாலர் ஒரு காரணமே இல்லை. சுமார் 50 கோடி டாலர் செலவான பிறகு, ராணுவத்துக்குள்ளிருந்தே வந்த ஆய்வு 2010-ல் இதைத்தான் சொன்னது.

பற்றாக்குறையின் வேரும் வேறு. 1990களில் படையைச் சுருக்கியபோது புது லெப்டினன்ட்களைக் குறைவாக எடுத்தார்கள். பிறகு படையணிகளை மாற்றியமைத்ததில் கேப்டன், மேஜர் இடங்கள் கூடின. எட்டு வருட அனுபவமுள்ள அதிகாரி வேண்டுமென்றால் எட்டு வருடம் முன்பே ஆள் எடுத்திருக்க வேண்டும், வெளிச்சந்தையில் கிடைக்க மாட்டார். ஓட்டையை அடைக்க மேஜர் பதவி உயர்வைக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொடுத்தார்கள். திறமையானவருக்கு அது இன்னும் கசப்பு.

நெய்தல்:
பொதிகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எப்போது கேட்கிறோம் என்பதுதான் விஷயம். அதே ராணுவம் 2006-ல் பயிற்சி முடிக்கும் கேடட்களிடம் ஒரு பேரம் வைத்தது: விரும்பிய பிரிவு அல்லது விரும்பிய முகாம் அல்லது பின்னாளில் முழுச் செலவில் மேற்படிப்பு, பதிலுக்கு மூன்று வருடக் கூடுதல் ஒப்பந்தம். வெஸ்ட் பாயின்ட் (அமெரிக்க ராணுவ அகாடமி) கேடட்டுக்கு ஏற்கெனவே ஐந்து வருடக் கட்டாயம், ஆக எட்டு. ரேங்க் பட்டியலில் சற்றுப் பின்னால் இருப்பவர் காலாட்படைக்காகவோ விமானப் பிரிவுக்காகவோ மனமுவந்து கையெழுத்துப் போடுவார். பிரிவும் முகாமும் கொடுக்க ராணுவத்துக்குச் செலவு அநேகமாக இல்லை. கட்டாயக் காலம் முடிந்து, கையில் வெளி நிறுவனத்தின் ஆஃபர் வைத்திருப்பவரிடம் அதே மூன்று வருடத்தை வாங்க எவ்வளவு கொடுத்தாலும் இழுபறிதான்.

20 வருடம் முடித்தால்தான் ஓய்வூதியம் என்பதால், 12 வருடம் தாண்டியவரை அதுவே பிடித்து வைக்கும். காசை 5-லிருந்து 10-வது வருடத்துக்குள் செலவிட வேண்டும். 2018 முதல் வந்த புதிய ஓய்வூதிய முறையில் 20 வருடத்துக்கு 50-க்குப் பதில் 40 சதவீதம்தான், அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஈடாக நடுவில் மாத அடிப்படைச் சம்பளத்தின் இரண்டரை மடங்காவது ஒரு தொகை உண்டு. குறைத்து மதிப்பிடப்படும் சலுகை இன்னொன்று: ஆறு வருடம் முடித்தவர் மேலும் நான்கு வருடம் ஒப்புக்கொண்டால் ராணுவப் பணிக்காகத் தனக்குக் கிடைக்கும் கல்வி உதவியைப் பிள்ளைக்கு மாற்றலாம். குடும்பத்தில் முடிவை மாற்றுவது இதுதான்.

வடகரை:
நன்றி. அமெரிக்க விமானப்படை விமானிகளுக்கு மட்டும் வருடத்துக்கு 50,000 டாலர் வரை போனஸ் ஏன்?

நெய்தல்:
ஏர்லைனில் எல்லாம் சீனியாரிட்டி எண்தான். ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்தால் கேப்டன் இருக்கையும் நல்ல ரூட்டும் 65 வயது வரை பின்தங்கும். அந்த இழப்பை ஈடுகட்டினால்தான் பேச்சே. விமானப்படை விமானிக்கு விங்ஸ் (பயிற்சி முடித்ததும் தரும் விமானி பேட்ஜ்) கிடைத்ததிலிருந்து பத்து வருடக் கட்டாயம். அது முடிய ஓரிரு வருடம் இருக்கும்போதே கையெழுத்து வாங்கும் சோதனைத் திட்டம் வந்தது சரியான திசை.

பரங்கிமலை:
இந்தியக் கேள்விக்கு: இங்கே நிலைமை தலைகீழ். கட்டாயக் காலம் முடிந்தால் அமெரிக்க அதிகாரி விலகலாம். நம் பெர்மனென்ட் கமிஷன் (நிரந்தரப் பணி) அதிகாரி முன்கூட்டிய ஓய்வுக்கு விண்ணப்பிக்கத்தான் முடியும், மறுக்கப்படலாம். ஓ.டி.ஏ.யிலிருந்து (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) வரும் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்கு 10 வருடம், நீட்டிப்பு 4. பதினான்கில் வெளியேறினால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, 20 வருடம் ஆகாததால் ஓய்வூதியம் இல்லை.

அவர்கள் போவது திட்டத்தின் பகுதி. நிரந்தர அதிகாரி ஒருவருக்கு ஷார்ட் சர்வீஸ் 1.1 என்பது ராணுவ அதிகாரிகளின் பதவி அமைப்பை ஆராய்ந்த ஏ.வி.சிங் குழு சொன்ன விகிதம். லெப்டினன்ட் கர்னல் 13 வருடத்தில் தானாக வரும், கர்னல் தேர்வில்தான், இடங்கள் குறைவு. பத்தாம் வருடத்தில் போனஸ் கொடுத்து எல்லோரையும் நிறுத்தினால் அந்த வாசலில்தான் நெரிசல். அதனால்தான் 7-வது ஊதியக் குழு, 7 முதல் 10 வருடத்துக்குள் விலகுபவருக்குப் பத்தரை மாத ஊதியத்தைப் பணிக்கொடையாகப் பரிந்துரைத்தது. நிற்க அல்ல, போவதற்குக் காசு. கட்டுரையில் இரண்டு நாட்டையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். இங்கே பற்றாக்குறை கீழ்மட்ட அதிகாரிகளில். ஆள் சேர வைக்கும் வழியைத் தனி அத்தியாயமாக எழுதுங்கள்.