டார்க் ஹார்ஸ்: ‘இலைமறை போட்டியாளர்’ சரிப்படுமா?

வணக்கம் நண்பர்களே,

யாரும் எதிர்பாராமல் முந்தி வரும் போட்டியாளரை ஆங்கிலத்தில் ‘டார்க் ஹார்ஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில், ‘கறுப்புக் குதிரை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பினாங்கில் இருக்கும் எனக்கும் அது பழகிய சொல்தான். இங்கே மலாய்ப் பத்திரிகைகள் பூப்பந்துக்கும் (பேட்மின்டன்) தேர்தலுக்கும் ‘கூடா ஹீத்தாம்’, அதாவது கறுப்புக் குதிரை, என்றுதான் எழுதுகின்றன. அதைத் தினமும் படிக்கும் கைக்குக் கறுப்புக் குதிரை தானாக வந்துவிடுகிறது.

ஆனால் அந்த ‘டார்க்’ நிறத்தைக் குறிப்பதில்லை. குதிரைப் பந்தயச் சொல் அது. 1831இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலிலேயே, யாரும் நினைத்துப் பார்க்காத குதிரை ஒன்று முந்திக்கொண்டு வருகிறது. பணம் கட்டுகிறவருக்கு அதன் ஓட்டம் தெரியாது, அவ்வளவுதான். வெள்ளைக் குதிரையும் டார்க் ஹார்ஸ் ஆகலாம். தமிழில் கறுப்புக்கு வேறு சுமையும் உண்டு: கறுப்புப் பணம், கறுப்பு ஆடு. கட்சிக்காரர் ஒருவரைக் கறுப்புக் குதிரை என்றால், துரோகி என்று படிப்பவர்களும் இருப்பார்கள்.

அரசியலுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஜேம்ஸ் போல்க். 1844இல் பால்டிமோரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முதல் சுற்றில் அவருக்கு ஓர் ஓட்டும் இல்லை. ஒன்பதாவது சுற்றில் வேட்பாளரானார், அப்புறம் அதிபரும் ஆனார். விளையாட்டில் மலேசியர்களான எங்களுக்கு வலித்த உதாரணம், ஆண்கள் அணிகளுக்கான உலகப் பூப்பந்துப் போட்டியான தாமஸ் கிண்ணம், 2022. முன்பு இறுதிச் சுற்றையே எட்டாத இந்திய அணி, காலிறுதியில் மலேசியாவை 3–2 என்று வென்று, இறுதியில் இந்தோனேசியாவை 3–0 என்று வீழ்த்தியது.

‘வலு குறைந்தவர்’ என்று சொல்லலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அது ‘அண்டர்டாக்’, தோற்பார் என்று எல்லோரும் நினைப்பவர். அவருடைய பலவீனம் ஊரறிந்தது. டார்க் ஹார்ஸின் பலமோ ஊர் அறியாதது. ‘நீறுபூத்த நெருப்பு’ அழகுதான், ஆனால் அதை அடங்கிக் கிடக்கும் பகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டோம்.

எனவே ‘இலைமறை காய்’ நம்மிடமே இருக்கிறதே! இலைமறை வேட்பாளர், இலைமறை அணி, இலைமறை போட்டியாளர். ‘இலைமறை காய்’ போலவே இங்கும் வலி மிகாமல் எழுதலாம். புகழ் வேண்டாமென்று ஒதுங்கியிருப்பவரைத்தானே அப்படிச் சொல்வோம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இங்கே பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் இலைதான் தெரியும். காய் முற்றி வெடித்து, விதையைச் சுற்றிய சிவந்த பத்திரி தெரியும்போதுதான் அது கண்ணில் படும். காய் ஒளிந்துகொள்ளவில்லை, நமக்குத்தான் தெரியவில்லை. அந்த மரபுத்தொடரின் ‘நமக்குத் தெரியவில்லை’ என்ற பாதியை ‘போட்டியாளர்’ என்ற சொல் மீட்டுக் கொடுக்கிறது.

எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் தயக்கம். செய்தித் தலைப்பில் இடம் போதாது. அங்கே ‘இலைமறை’ என்று மட்டும் போட்டால் பெயர்ச்சொல்லாக நிற்குமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.