பழைய வாள்வீச்சு வாள்களை விற்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸில் இருக்கிறேன். வாள்வீச்சு பழகிய காலத்திலிருந்து சேர்த்த 13 பழைய வாள்கள் என்னிடம் இருக்கின்றன. சின்ன வீட்டுக்கு மாறுகிறோம், வைக்க இடமில்லை. விற்றுத்தான் ஆக வேண்டும்.

ஒன்பது ஃபாயில் (மெல்லிய, லேசான வாள்), நான்கு எப்பே (அதைவிடக் கனமான வாள்). ஃபாயில்களின் கைக்காப்பு, எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டதுபோல இரட்டை வளையமாக இருக்கும். இரண்டின் அலகில் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் உள்ள கிளிங்கென்தால் பட்டறை முத்திரை தெளிவாகத் தெரிகிறது. மற்றவை ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தவை. எப்பேக்கள் எல்லாமே, குத்து பட்டதைக் காட்டும் மின்கருவி வருவதற்கு முந்தைய வகை; நுனியில் மூன்று முள் இருக்கும்.

ஒரு ஃபாயிலின் பிடியில் சுற்றிய நூல், கட்டைவிரல் அழுத்தும் இடத்தில் மட்டும் கறுத்துத் தேய்ந்திருக்கிறது. யாரோ வருடக்கணக்கில் பிடித்த தடம். அதனால் எதையும் தேய்த்துப் பளபளப்பாக்கவில்லை, எண்ணெய் மட்டும் லேசாகத் தடவி வைத்திருக்கிறேன்.

பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். "சுவரில் மாட்டத்தான் ஆகும்" என்று மொத்தத்துக்கும் 250 யூரோ சொன்னார். கொடுக்க மனசு வரவில்லை.

ட்ரூவோ மாதிரி ஏலக்கூடத்தில் யாராவது பொருள் கொடுத்திருக்கிறீர்களா? கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள்? மொத்தமாகக் கொடுப்பதா, முத்திரை உள்ள இரண்டையும் தனியாக விற்பதா? அப்புறம், அலகே 90 செ.மீ. நீளம் வரும், வெளியூருக்கு அனுப்பினால் எப்படிக் கட்டுவது? வாள்வீச்சு தெரிந்தவர் கைக்குப் போனால் விலையைக் குறைத்துக்கொள்ளவும் தயார். அப்படி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.