மார்கஸ் லாட்டிமோர்: இரண்டு முழங்காலும் போனவருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா?

கொலுசுப்பட்டறை (செவ்வாப்பேட்டை):

நேற்று பட்டறையில் பற்றவைக்கிற பையன் என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "யாருண்ணா இந்த 21ஆம் நம்பர்?" என்று கேட்டான். அரை மணி நேரம் சொல்லியும் எனக்கு ஆறவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

2010 ஆகஸ்டில் மேல்படிப்புக்குத் தென் கரோலினாவின் கொலம்பியாவுக்குப் போனேன். அடுத்த மாதமே அறைத்தோழன் எங்கள் தென் கரோலினா பல்கலைக்கழக அணி ஜார்ஜியாவுடன் ஆடிய ஆட்டத்துக்கு இழுத்துப் போனான். அமெரிக்கக் கால்பந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தை இடுக்கிக்கொண்டு எதிராளிகளுக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக், நம் கபடி ரெய்டர் மாதிரி என்பது மட்டும் பிடிபட்டது. அன்று லாட்டிமோருக்கு 18 வயது, கல்லூரியில் முதல் வருடம். 37 முறை பந்தை வாங்கி 182 கெஜம் ஓடினார். இடுப்பில் ஒருவர், தோளில் ஒருவர் தொங்கினாலும் முன்பக்கமாகத்தான் விழுவார். விழுகிற அந்த வேகத்திலேயே இன்னும் இரண்டு கெஜம் கிடைத்துவிடும்.

அடுத்த மாதம் நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று வென்றோம். முதலிட அணியை அந்தப் பல்கலைக்கழகம் வென்றது அதுவே முதல்முறை. மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது) லாட்டிமோருடையது. நவம்பரில் ஃபுளோரிடாவை அவர்கள் மைதானத்திலேயே சாய்த்தபோது 40 முறை ஓடி 212 கெஜம். அந்த வருட மொத்தம் 1,197.

2011 அக்டோபரில் இடது முழங்கால் போனது. திரும்பி வந்தார். 2012 அக்டோபர் 27, டென்னசி ஆட்டம். நான் மைதானத்தில் இருந்தேன். வலது கால் வளைந்த விதத்தைப் பெரிய திரையில் பார்த்ததும் எண்பதாயிரம் பேர் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. எனக்கு முன்வரிசைப் பெண் கையில் வேகவைத்த கடலைப் பொட்டலம். (அந்த ஊரிலும் நம்மைப் போலவே தோலோடு உப்புப் போட்டு வேகவைப்பார்கள்.) அதை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு அணிக்காரர்களும் உள்ளே போய் அவரைச் சுற்றி நின்றார்கள். டென்னசிக்காரர்களும்தான். அதை நான் மறக்கவே மாட்டேன்.

2013இல் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சான் பிரான்சிஸ்கோ அணி அவரை நான்காவது சுற்றில் எடுத்தது. ஓர் ஆட்டமும் ஆட முடியாமல் 2014இல் ஓய்வு பெற்றார். கல்லூரிக் கணக்கு 2,677 கெஜம், ஓடியே எடுத்த டச் டவுன் 38. கல்லூரிக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியலில், அவருக்கு இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மிளகுக்கொடி (ஏற்காடு):

அண்ணா, எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் விதி இடம் கொடுக்காது. அங்கீகரிக்கப்பட்ட தேர்வாளர்கள் யாராவது ஒருவருடைய ஆல் அமெரிக்கன் (அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் ஒரு வருடமாவது பெயர் வந்திருக்க வேண்டும். 2010இல் அதில் ரன்னிங் பேக்குக்கான இரண்டு இடங்களும் ஆரிகனின் லாமைக்கேல் ஜேம்ஸுக்கும் ஓக்லஹோமா ஸ்டேட்டின் கெண்டல் ஹண்டருக்கும் போயின. அடுத்த இரண்டு வருடமும் லாட்டிமோரின் சீசன் பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த விதியால்தான் ஜோ மொன்டானாவே கல்லூரி ஹாலில் இல்லை. ஒருவருக்காகத் தளர்த்தினால் அப்புறம் எங்கே நிறுத்துவது?

கொலுசுப்பட்டறை:

தம்பி, கேல் சேயர்ஸை என்ன சொல்வீர்கள்? அவருக்கும் 1968இல் வலது முழங்கால், 1970இல் இடது. தொழில்முறையில் 68 ஆட்டம்தான். ஆனாலும் 1977இல், 34 வயதில், தொழில்முறை ஹாலுக்குள் போனார். அத்தனை இளம் வயதில் வேறு யாரும் போனதில்லை. குறைந்த காலம் ஆடினார் என்று அவரை யாரும் ஒதுக்கவில்லையே?

மிளகுக்கொடி:

அது தொழில்முறை ஹால், அண்ணா. அங்கே ஆல் அமெரிக்கன் கேள்வியே கிடையாது. சேயர்ஸ் கல்லூரி ஹாலிலும் இருக்கிறார், ஆனால் கான்சஸில் இரண்டு முறை ஆல் அமெரிக்கன் ஆன பிறகு. லாட்டிமோருக்குக் குறுக்கே நிற்பது ஆடிய காலம் இல்லை, அந்த ஒரு பட்டம்தான்.

ஓமலூர்க்காரி:

ஆட்டம் எனக்குத் தெரியாது, அண்ணா எழுதியதற்காகப் படித்தேன். எங்கள் பக்கத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டினார். கம்பி விழவில்லை, தங்கம். யாரும் ஓட்டுப் போட வேண்டியிருக்கவில்லை. அந்த 38 டச் டவுனும் எனக்கு அப்படித்தான் படுகிறது. எண்ணினால் எண்ணிக்கை இருக்கிறது. அதை ஒரு குழு உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டுமா?

அம்மாபேட்டை ரெய்டர்:

அண்ணா, எனக்கு 22 வயதில் மூட்டு ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செய்து ஒன்பது மாதம் கழித்துக் களத்தில் இறங்கினேன். கால் சரியாகத்தான் இருந்தது, மனசுதான் அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது. இவர் ஒரு மூட்டு போய், திரும்ப வந்து, அதே கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து ஓடியிருக்கிறார். என்னைக் கேட்டால் பாதியில் நின்ற அந்த 2012 சீசனுக்கே உள்ளே விடலாம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் 40 முறையா? நான் ஒரு மேட்சில் இருபது ரெய்டு போனாலே மறுநாள் படி இறங்க முடியாது. அவருக்கு அப்போது என்ன வயது? மாற்று ஆளே இல்லையா?

கொலுசுப்பட்டறை:

அப்போதுதான் 19 முடிந்திருந்தது. மாற்று ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்டம் நான் அறையில் டிவியில் பார்த்தது. ஆட்டத்தின் நான்காவது, கடைசிப் பகுதியிலும் அவரிடமே பந்தைக் கொடுத்தார்கள், நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். இத்தனை வருடமாக அந்த 40ஐ நான் பெருமையாக மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன், தம்பி. அவர் உடம்புப் பக்கமிருந்து யாரும் என்னைக் கேட்டதில்லை.

மிளகுக்கொடி சொல்கிற விதி எனக்குப் புரிகிறது. ஆனாலும் இடம் தர வேண்டும் என்பதை நான் விடுவதாக இல்லை.

ரெய்டர் தம்பி, ஞாயிறு பட்டறை லீவு. அந்த ஃபுளோரிடா ஆட்டம் முழுசாக என்னிடம் இருக்கிறது. செவ்வாப்பேட்டை வந்து ஒரு போன் போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அவர் எப்படிக் காலை ஊன்றுகிறார் என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.